பொங்கலை மிச்சம் வைத்த பிள்ளை

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குச் சங்கத்துல பன்னிரண்டு பேர் முன்னாடி பேசித்தான் பழக்கம். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் கை நடுங்குது. அதனால எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் படிக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

கடன் வாங்கி மாடு வாங்கின கதை, கடை வைத்த கதை எல்லாம் இங்கே நிறையப் பேர் சொல்லிட்டாங்க. நல்ல கதைகள்தான். என்னைப் பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. எங்கள் பள்ளிக்கூடத்துல நடந்த ஒன்றைச் சொல்லலாம்னு வந்திருக்கேன். ஆனால் அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா, எந்த வகுப்பு, எந்தத் தெரு, எந்த வருசம், எதையும் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பேர் மட்டுமில்ல, வீடு, பள்ளிக்கூடம், சொந்தபந்தம்னு அடையாளம் தெரியுற எதையும் வெளியிடக் கூடாது. இந்தக் கூட்டத்துல விசயம் தெரிஞ்சவங்க நாலைஞ்சு பேர் இருக்கீங்க. பக்கத்து நாற்காலிக்காரங்க கேட்டாலும் தயவுசெய்து சொல்லாதீங்க.

நான் பள்ளிக்கூடத்துல காலை உணவு சமைக்கிறவ. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்டுல ஊராட்சிப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தப்போ, சங்கத்துல இருக்கிற, அதே பள்ளியில பிள்ளை படிக்கிற தாய்மார்களைத்தான் எடுத்தாங்க. பத்தாவது படிச்சிருக்கணும், போன் பார்க்கத் தெரியணும்னு சொன்னாங்க. என் மகள் அங்கேதான் படிக்கிறா. பத்தாவது படிச்ச படிப்பு பதினெட்டு வருசம் கழிச்சு உப்புமா கிண்ட உதவுச்சுன்னு என் வீட்டுக்காரர் கேலி பண்ணினார். பண்ணட்டும். மாசம் கையில வர்ற காசு என் பேர்ல வருது.

காலையில ஆறு மணிக்குள்ள அடுப்பைப் பற்றவைத்தால்தான் எட்டு மணிக்குப் பரிமாற முடியும். அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துல டீச்சர் இருக்க மாட்டாங்க. ஆனால் பிள்ளைகள் வந்துருவாங்க. நம்ம பக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். வேடசந்தூர்ப் பக்கத்து மில்லுக்குப் போற அம்மாவை விடியிறதுக்கு முன்னாடியே மில் வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போயிரும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை எடுக்கப் போறவங்க இருட்டோட கிளம்பணும், வெயில் ஏறி மொட்டு விரிஞ்சால் விலை போச்சு. அப்பா இருப்பார், இல்லாமலும் இருப்பார். பிள்ளை தானே எழுந்து, தானே குளிச்சு, தம்பிக்கும் சட்டையை மாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வரும். யாரையும் குறை சொல்லலை. மில்லுக்குப் போகலைன்னா சங்கத்துக் கடனை எப்படிக் கட்டுறது? நான் சொல்ல வந்தது, காலையில அந்தப் பிள்ளைகள் முகத்தை முதல்ல பார்க்கிற பெரியவங்க யார்னா சமைக்கிற நாங்கதான்.

பார்க்கிறோமாங்கிறதுதான் கேள்வி. நான் பார்க்கலை.

ஒரு புதன்கிழமை, பொங்கல் நாள். ஒரு பிள்ளை தட்டுல வாங்கின பொங்கலைத் தொடவே இல்லை. நான் என்ன நினைச்சேன்னா, கடையில அஞ்சு ரூபாய் பாக்கெட் வாங்கித் தின்னுட்டு வந்திருக்குன்னு. "அரிசியை வீணாக்குற, உங்கப்பன் கொண்டுவந்து கொட்டினானா"ன்னு கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் சிரிச்சாங்க. அதுவும் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. மறுநாள் உப்புமா, அதுவும் மிச்சம். அடுத்த வாரமும் அப்படித்தான். எனக்கு எவ்வளவு சமைச்சோம், எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு போன்ல படம் எடுத்து அனுப்புற வேலை. டவர் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துல நடப்பேன். மூணு வாரம் அப்படிப் போச்சு. மூணு வாரம்னு சொல்லும்போது எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையுது.

என் மகள்தான் ஒருநாள் சொன்னா, "அம்மா, அது பாத்ரூமுக்குள்ள போய் அழுதுக்கிட்டு இருக்கும். தினமும்." ஏன்டி என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க போன்ல இருந்தீங்க"ன்னா.

அடுத்த நாள் நான் செய்த காரியத்தையும் சொல்லிடறேன். அதுவும் தப்புதான். வரிசையில நிற்கிற அத்தனை பேர் முன்னாடி அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏன் சாமி அழுகிற, யார் என்ன பண்ணினா"ன்னு சத்தமாக் கேட்டேன். நான் பாசமாத்தான் கேட்டேன். அது ஓடியே போயிருச்சு. அதுக்கப்புறம் நான் இருக்கிற பக்கமே வரலை.

பிறகு பிள்ளை தானா வந்தது எப்படின்னா, சாப்பாடு முடிஞ்சு அண்டா தேய்ச்சுக்கொண்டு இருந்தேன். குழாயடியில வந்து உட்கார்ந்துச்சு. நான் எதுவும் கேட்கலை. "அந்த நார எடு"ன்னேன், எடுத்துக் கொடுத்துச்சு. ரெண்டு நாள் அப்படியே. மூணாம் நாள் கேட்டுச்சு, "அத்தே, நாளைக்கு நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?"

ஆறு மணிக்குன்னேன்.

"நானும் ஆறு மணிக்கே வரட்டா?"

அக்கா, தங்கச்சி, ஏழெட்டு வயசுப் பிள்ளை தூக்கத்தை விட்டுட்டு ஆறு மணிக்கு ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரணும்னு கேட்குது? எனக்கு அண்டாவைப் பிடிச்ச கை அப்படியே நின்னு போச்சு. வீட்டுல என்ன பயம்னு கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுச்சு. அம்மா வேன் ஏறிப் போன பிறகு, வீட்டுக்குத் தெரிஞ்ச ஒரு ஆள், நல்லாப் பழகுற ஆள், டீ வாங்கிக் கொடுக்கிறேன்னு உள்ளே வர்றான். தொடக் கூடாத விதமாத் தொடுறான். வெளியே சொன்னால் உங்க அம்மாவுக்கு வேலை போயிரும்னு மிரட்டி வச்சிருக்கான். அதுக்கு மேல அது சொன்னதை நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை.

நான் "உன் மேல ஒரு தப்பும் இல்ல சாமி"ன்னு சொன்னேன். அது ஒண்ணுதான் நான் சரியாச் சொன்னது. கூடவே "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டேன். பிள்ளை கெஞ்சுச்சு, எனக்கு மனசு தாங்கலை. பிறகு பயிற்சியில சொன்னாங்க, அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாதாம். "உன்னைக் காப்பாத்துறதுக்கு யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்"னு சொல்லணுமாம். இப்பத் தெரிஞ்சு என்ன பண்ண? அன்றைக்கே நான் வாக்கை மீறினேன். பிறகு பிள்ளைகிட்டப் போய், நான் பொய் சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டேன். அது என்னை ஒரு வாரம் முறைச்சுது. முறைக்கட்டும்னு விட்டேன்.

தலைமையாசிரியர் அம்மா அறைக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துப் போச்சு. ஆனால் கதவைச் சாத்தி, தாளை எடுத்து, பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினாங்க. "நீங்க உங்க வார்த்தையில சொல்லாதீங்கம்மா, அது எப்படிச் சொன்னுச்சோ அப்படிச் சொல்லுங்க"ன்னாங்க. திரும்பத் திரும்பப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. ஒரு தடவை சொன்னதே அதுக்குப் பெரிய பாரம்.

இதுக்குள்ள விசயம் எப்படிக் கசிஞ்சுதோ தெரியலை, சாயங்காலமே ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் வீட்டுக்கு வந்துட்டாங்க. "பிள்ளைகள் ஏதாவது சொல்லும். விசயம் வெளியே போனால் பிள்ளைக்குத்தான் கெட்ட பேர். அவனைக் கூப்பிட்டுக் கண்டிச்சு, ஒரு தொகை வாங்கிக் கொடுத்துப் பேசி முடிச்சிரலாம்"னு சொன்னாங்க. என் வீட்டுக்காரரும், "நமக்கு எதுக்கு வம்பு, சமையல் வேலை போயிரும்"னார். இதை விட எனக்குக் கஷ்டம், அந்த ஆள் எங்கள் சங்கத்துல இருக்கிற ஒருத்திக்கு நெருங்கின சொந்தம். பதினோரு வருசமா நானும் அவளும் ஒரே பாயில உட்கார்ந்து சேமிப்பு எண்ணினவங்க. என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில வந்து கூட இருந்தவ. ராத்திரி வந்தா. அழுதா. "நீ பேசாமல் இருந்தால் போதும், வேற எதுவும் செய்ய வேண்டாம்"னா.

பேசி முடிக்கிறது நமக்குப் பழக்கம். தவணை கட்டாதவங்க வீட்டுக்குப் போய்ப் பேசி முடிக்கிறோம், மாமியார் மருமகள் சண்டையைப் பேசி முடிக்கிறோம். அதனால இதையும் அந்தக் கணக்குல சேர்த்துடறோம். எனக்கும் ஒரு நிமிசம் அப்படித் தோணுச்சு, பொய் சொல்லக் கூடாது.

காலையில தலைமையாசிரியர் அம்மாகிட்ட ஊர்ல இப்படிச் சொல்றாங்கன்னு சொன்னேன். அவங்க சட்டத்தை எடுத்துச் சொன்னாங்க. போக்சோ சட்டம் 2012ல வந்தது. நவம்பர் 14, குழந்தைகள் தினத்துல இருந்து நடைமுறையில இருக்கு. பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, பையனுக்கும் உண்டு. விசயம் தெரிஞ்சவங்க போலீசுக்குச் சொல்லியே ஆகணும். தெரிஞ்சும் சொல்லாமல் மறைச்சால் அதுவே குற்றம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்புல இருக்கிறவங்க தனக்குக் கீழே வேலை பார்க்கிறவங்க செய்ததை மறைச்சால் ஒரு வருசம் வரைக்கும் ஜெயில். நல்ல எண்ணத்தோட சொன்னவங்க மேல வழக்குப் போட முடியாது. "இது நானும் நீங்களும் முடிவு பண்ற விசயம் இல்லம்மா. ஊரும் முடிவு பண்ண முடியாது"ன்னு சொல்லி, என் முன்னாடியே 1098க்குப் போன் போட்டாங்க.

எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? நான் முடிவு எடுக்க வேண்டியதில்லை. என் சிநேகிதியைப் பார்த்து, "நான் பேசாமல் இருந்தால் நானும் ஜெயிலுக்குப் போகணும் தாயி"ன்னு சொல்ல ஒரு வாய் கிடைச்சுது. அவ ஏத்துக்கலை. அது வேற.

போன் போட்டால் ஜீப் வரும், ஊர் கூடும், பிள்ளையை ஸ்டேஷன்ல உட்கார வச்சிருவாங்கன்னு நாம எல்லாரும் பயப்படுறோம். வந்தவங்க சாதாரண உடையில வந்தாங்க. சேலை கட்டின ஒரு பெண் எஸ்.ஐ., பிள்ளை அம்மா மடியில உட்கார்ந்திருக்க, அவங்க தரையில உட்கார்ந்து கேட்டாங்க. அவங்க நல்லவங்க, அதனால அப்படி வந்தாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். பிறகுதான் தெரிஞ்சுது, சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. பிள்ளைகிட்ட வாக்குமூலம் வாங்கும்போது சீருடை போடக் கூடாது, வீட்டுலயோ பிள்ளை விரும்புற இடத்துலயோதான் கேட்கணும், முடிஞ்ச வரைக்கும் பெண் அதிகாரி கேட்கணும், ராத்திரியில எந்தக் காரணத்துக்கும் பிள்ளையை ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது. பெண் பிள்ளையா இருந்தால் பெண் டாக்டர்தான் பரிசோதிக்கணும். கோர்ட்டுலயும் அந்த ஆள் பிள்ளை கண்ணுல படாதபடிதான் விசாரிக்கணும். இது நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன்.

வழக்கு நடக்குது. அதைப் பற்றி இதுக்கு மேல பேசக் கூடாது. பிள்ளையோட அம்மா பல நாள் வேலைக்குப் போக முடியலை. எங்கள் சங்கத்துல தீர்மானம் போட்டு உள்கடன் கொடுத்தோம், வட்டி வேண்டாம்னு எழுதினோம். தீர்மான நோட்டுல காரணம் என்ன எழுதுறதுன்னு குழப்பம். கடைசியில "மருத்துவச் செலவு"ன்னு எழுதினோம். தணிக்கைக்கு வந்தவங்க கேட்டால் நான் பதில் சொல்லிக்கிறேன்.

என் சிநேகிதி சங்கத்தை விட்டு விலகிட்டா. சேமிப்பைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கிட்டா. தெருவுல பார்த்தால் எதிர்ப்பக்கம் போறா. அவளும் என்ன பண்ணுவா? நான் அவளைத் தப்புச் சொல்லலை. ஆனால் பாயில அவ உட்கார்ற இடம் காலியா இருக்கிறது எனக்குத்தான் தெரியும்.

இனி பள்ளிக்கூடத்தைப் பற்றி. நம்ம மாவட்டத்துல பாச்சலூர்ல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒட்டன்சத்திரத்துல இருந்து மலை ஏறினால் வர்ற ஊர். 2021 டிசம்பர்ல, அஞ்சாவது படிச்ச ஒரு பெண் பிள்ளை காலை இடைவேளைக்கு வெளியே போச்சு. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியே தீக்காயத்தோட கண்டெடுத்தாங்க, பிழைக்கலை. அப்போ ஊர் ஊரா ரோட்டுல உட்கார்ந்தாங்க. விசாரணை சி.பி.சி.ஐ.டி. வரைக்கும் போச்சு. யார், என்னங்கிறதைப் பேச நான் யாரு? எனக்கு அந்தச் செய்தியில உறுத்தினது ஒண்ணுதான். இடைவேளைக்குப் போன பிள்ளை வகுப்புக்குத் திரும்பி வந்துச்சான்னு நம்ம பள்ளிக்கூடத்துல யார் பார்க்கிறா? காலையில வருகைப் பதிவு எடுக்கிறாங்க. அதுக்கப்புறம்?

நான் பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் இருக்கேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதாவது நாமதான். ஆனால் அங்கே போனால் டீச்சர் எழுதினதுல கையெழுத்துப் போட்டுட்டு, டீ குடிச்சுட்டு வர்றோம். நானும் அப்படித்தான் ரெண்டு கூட்டம் போனேன். மூணாவது கூட்டத்துல இதைக் கேட்டேன். ஒரு சார் கொஞ்சம் கோபப்பட்டார், "ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பை வச்சிக்கிட்டு மணிக்கு மணி தலை எண்ண முடியுமா"ன்னார். அவர் சொல்றதும் நியாயம்தான். அதனால பிள்ளைகளையே ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்தோம். பாத்ரூம் போனாலும் ஜோடியாப் போகணும், இடைவேளை முடிஞ்சதும் ஜோடி வரலைன்னா உடனே டீச்சர்கிட்டச் சொல்லணும். காசு செலவில்லாத வேலை. பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி ஆயிருச்சு.

பாத்ரூம் தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்துச்சு. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர், நம்ம பிள்ளைகள் பாத்ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இல்லாததால பெண் பிள்ளைகள் தண்ணியே குடிக்காமல் சாயங்காலம் வரைக்கும் அடக்கி வச்சிருந்துச்சுங்க, என் மகளும் சேர்த்து. வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடுவா, அதுக்கு நான் அடிச்சிருக்கேன். தாழ்ப்பாள் நூற்றிருபது ரூபாய், சங்கத்துல இருந்து போட்டோம். பின்பக்கச் சுவர்ல ஒரு ஆள் நுழையுற அளவுக்கு உடைப்பு, ராத்திரியில பாட்டில் பார்ட்டிகள் உள்ளே வந்து போற வழி. அதை அடைக்க ஊராட்சிக்கு நாலு தடவை மனுக் கொடுத்து, அஞ்சாவது தடவை சங்கத்துப் பெண்கள் பதினேழு பேர் போய் நின்னோம். அடைச்சாங்க.

நான் உங்களைக் கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை. விடியற்காலையில வேலைக்குப் போற அம்மாக்கள் ஒவ்வொரு தெருவுலயும் யார் யார்னு சங்கத்துக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் அம்மா போனதுல இருந்து பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் எங்கே இருக்குன்னு அடுத்த கூட்டத்துல ஒரு தடவை பேசுங்க. எங்கள் தெருவுல ஒரு அப்பத்தா வீட்டுத் திண்ணையில ஏழு பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். அப்பத்தா வெத்தலை போட்டுக்கிட்டுக் காவல் இருக்கும். அதுக்கு மாசம் வெத்தலைக் காசு நாங்க கொடுக்கிறோம். அது போதாதுன்னு அப்பத்தா சண்டை போடுது.

பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் அடிச்சிராதீங்க. "நீ ஏன் அங்க போன"ன்னு கேட்காதீங்க. அப்படிக் கேட்டால் அடுத்து ஒரு வார்த்தை வராது. பையன் சொன்னாலும் சிரிக்காதீங்க. டீச்சர் அடிக்கிறாங்க, மட்டமாப் பேசுறாங்கன்னு சொன்னாலும் காது கொடுங்க. அடிக்கிறதும் மனசைப் புண்படுத்துறதும் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. "நல்லா அடிங்க டீச்சர், கண்ணை மட்டும் விட்டுருங்க"ன்னு சொல்லிப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தவங்க நாமதான். 1098 ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, காசு பிடிக்காது. 14417 பள்ளிக்கல்வித் துறையோட எண். ரெண்டும் எங்கள் சமையல் கூடத்துச் சுவர்ல எழுதிப் போட்டிருக்கு, பிள்ளைகள் சோறு வாங்கும்போது அதைப் பாட்டு மாதிரிச் சொல்லுங்க.

அந்தப் பிள்ளை எப்படி இருக்குன்னு இங்கே வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கேட்டீங்க. பள்ளிக்கூடத்துக்கு வருது. இப்பவும் ஆறு மணிக்கே வந்துருது. இனி பயமில்லை, தூங்கிட்டு வான்னு சொன்னாலும் கேட்கிறதில்லை. வெங்காயம் உரிச்சுக் கொடுக்கும், அண்டா மூடியைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். கிச்சடின்னா ரெண்டு தடவை வாங்குது. பொங்கலை மட்டும் இன்னும் பாதி மிச்சம் வைக்குது. நான் ஒண்ணும் கேட்கிறதில்லை.

நாளைக்குப் புதன்கிழமை. போய் அரிசியும் பருப்பும் அளந்து வைக்கணும். நிறைய நேரம் எடுத்துக்கிட்டேன்.